எட்டாவது கால்

அந்த எட்டுக்கால் பூச்சியின் காலை ஒடித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம். வேண்டுமென்று செய்யவில்லை, கோபத்தில் செய்தேன். கோபத்தில் செய்வதற்கும் வேண்டுமென்று செய்வதற்கும் நடுவே அப்படியொன்றும் பெரிய தூரமில்லை என்று இந்த வயதில் தோன்றுகிறது.

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி மூன்றாவது வருடம். காரைக்காலில் ஒரு சந்துக்குள் எங்களுக்கு வாடகை வீடு. நான் போலகத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். என் கணவருக்கு அம்பகரத்தூர்ப் பக்கம், நெல் விளைவிக்கிற குடும்பம். வயலை அண்ணன் பார்த்துக்கொள்ள, இவர் ஓர் அரிசி மில்லில் மெஷின் பார்க்க வந்தவர். அந்த வருடம் தை மாதம், புது நெல் மலையாகக் குவிந்திருந்த ஒரு பிற்பகலில், ஓடிக்கொண்டிருந்த பெல்ட் அவருடைய இடது கையை இழுத்துக்கொண்டது. மணிக்கட்டுக்குக் கீழே எதையும் காப்பாற்ற முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கையை நான் பார்க்கவில்லை. எந்நேரமும் மேலே ஒரு துண்டு கிடக்கும். குளிக்கப் போனால் கதவைத் தாழ் போட்டுக்கொள்வார். படுத்தால் அந்தப் பக்கம் சுவரை ஒட்டிப் படுப்பார். நான் என்ன மூன்றாம் மனுஷியா என்று எனக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்க முடியாததெல்லாம் என்னிடம் பாத்திரச் சத்தமாக மாறிவிடும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு எங்கள் வீட்டு நிலவரம் தெரிந்ததே என் பாத்திரம் கழுவும் சத்தத்தில்தான்.

ஆனி மாதத்தில் விறகுக்காகப் பட்டுப்போன புளியங்கட்டை ஒரு வண்டி வாங்கினோம். பிளக்க வந்தவர் ஒரு கட்டையின் பட்டையை நெம்பியதும், உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் மயிரடர்ந்த ஒன்று ஓடி வந்து நின்றது. காலோடு சேர்த்தால் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. சுவரில் ஓடும் சாதாரண எட்டுக்கால் பூச்சி இல்லை. முதுகில் யாரோ ஈர்க்குச்சியால் கோடிழுத்ததுபோல் கருப்பும் வெள்ளையுமாகக் கோலம். "இது குட்டிங்க. வளந்தா உள்ளங்கை அகலம் வரும். கடிச்சா கை வீங்கிப் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே அவர் கோடாலியின் பின்பக்கத்தை ஓங்கினார்.

"அடிக்காதய்யா!"

என் கணவரின் குரல்தான். ஐந்து மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட உரத்த குரல் அதுதான். அதற்காகவே நான் அந்தப் பூச்சியை வீட்டுக்குள் அனுமதித்தேன். கடைகளில் கடலைமிட்டாய் போட்டு வைப்பார்களே, அந்தக் கண்ணாடி பாட்டில் ஒன்று என்னிடம் காலியாகக் கிடந்தது. அதில் கொஞ்சம் மண், சாய்வாக ஒரு துண்டுப் புளியம்பட்டை, நனைத்த பஞ்சு. தகர மூடியில் ஆணியால் ஓட்டை. எல்லாம் அவரே ஒற்றைக் கையால் செய்தார். நான் உதவிக்குப் போனால் முகம் சுருங்கும் என்பதால் அடுப்படியிலேயே நின்றேன்.

அதற்குப் பிறகு அவருக்கு வேலை வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் பாட்டில் முன்னால் உட்கார்ந்துவிடுவார். வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு வெட்டுக்கிளியோ சின்னக் கரப்பானோ உள்ளே போகும். அது பாய்ந்து பிடிப்பதை ஒருநாள் நானும் பார்த்தேன். பார்த்தேன் என்பது பொய். கண்ணை இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. கண்ணாடிச் சுவரில் அது ஏறும்போது ஒவ்வொரு பாதத்தின் அடியிலும் சின்னதாகப் பட்டுத் துணுக்கு மாதிரி மின்னும். பஞ்சின் மேல் குனிந்து தண்ணீர் குடிக்கும். அருவருப்பு எப்போது போனதென்று எனக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது, இன்றைக்குச் சாப்பிட்டிருக்குமா என்று நினைப்பு ஓடும்.

ஆடி மாதம் ஒரு காலை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சாப்பாட்டுத் தூக்கைத் தேடினால் அதன் மேல் பாட்டில் மூடி கிடக்கிறது. பாட்டில் திறந்தபடி என் பாடக் குறிப்பேட்டின் மேல் நிற்கிறது. அவர் தண்ணீர் எடுக்கக் கொல்லைக்குப் போயிருந்தார். முதல்நாள் ராத்திரியிலிருந்தே எதற்கோ எனக்கு மூக்கு நுனியில் கோபம். மூடியை எடுத்து ஓங்கி அழுத்தித் திருகினேன். திருகிய பிறகுதான் பார்த்தேன், அது பாட்டிலின் வாய்வரை ஏறி வந்திருக்கிறது. மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவிலிருந்து ஒரு கால் குறிப்பேட்டின் மேல் விழுந்து, தனியாக, மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தது.

கையில் சொம்போடு அவர் நிலைப்படியில் நின்றார். என்னைப் பார்த்தார், காலைப் பார்த்தார். திட்டியிருந்தால் அழுதிருப்பேன், தீர்ந்திருக்கும். அசைவு நிற்கும்வரை காத்திருந்து, அந்தக் காலைக் காலித் தீப்பெட்டி ஒன்றில் எடுத்து வைத்தார். துண்டை இழுத்து இன்னும் கொஞ்சம் மூடிக்கொண்டார். அன்று முதல் என்னோடு பேச்சு நின்றது. சோறு, தண்ணி, சாவி, அவ்வளவுதான். கை போனவர் கண் முன்னால் ஒன்றின் காலை ஒடித்தவள் நான். இதற்கு என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் கொண்டு வருகிறவள் வாசலில் கூடையை இறக்கினாள். என் வயதுதான் இருக்கும். வாய் கூடையைவிடப் பெரிது. நண்டு இருந்தது. அதில் ஒன்றுக்கு வலது கொடுக்கு பெரிசாகவும் இடது கொடுக்கு விரல் கடையளவிலும் இருந்தது. ஊனமான நண்டை என் தலையில் கட்டப் பார்க்கிறாயா என்றேன்.

"ஊனமெல்லாம் இல்லீங்க டீச்சர். ஒடிஞ்சு மொளச்சது. இன்னும் ரெண்டு தடவ ஓடு கழட்டியிருந்தா அதுவும் இதுவும் ஒண்ணாயிருக்கும். அதுக்குள்ள எங்க வலைக்கு வந்துருச்சு, அது தலையெழுத்து."

உள்ளே ஏதோ நகரும் சத்தம். என் கணவர் வாசலுக்கு வந்துவிட்டார். வெளி ஆள் முன்னால் அவர் வருவதே இல்லை.

"ஒடிஞ்சது மொளைக்குமா?"

"மொளைக்குங்க. ஓடு கழட்டுறப்பதான் மொளைக்கும். சும்மா மொளைக்காது."

"கழட்டப் போவுதுன்னு எப்புடித் தெரியும்?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். அவள் வாய்க்கு ஏதாவது சொல்லிவிடப் போகிறாளோ என்று பயந்தேன். ஆனால் அவள் நண்டைத் திருப்பிக் காட்டி நிதானமாகச் சொன்னாள்: "எரை போட்டா தீண்டாதுங்க. சந்து பொந்துல போயி ஒடுங்கிக்கும். ஓடு பளபளப்புப் போயி மங்கிரும். அப்ப அதச் சீண்டப்புடாது. கழட்டுன ஒடனே ஒடம்பு மெத்துனு இருக்குமா, மத்த நண்டே கடிச்சுத் தின்னுபுடும்."

அவள் போனபின் அவர் என்னிடம் கேட்டார். பதினைந்து நாளைக்குப் பிறகு கேட்ட முதல் கேள்வி. "நண்டுக்கு வர்ற மாதிரி இதுக்கும் வருமா?"

எனக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைப் புரட்டினேன். நண்டு, தேள், சிலந்தி எல்லாம் கணுக்காலிகள் என்று ஒரு வரி இருந்தது. கால் முளைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. "ரெண்டும் ஒரே இனந்தாங்க. வரும்" என்று சொல்லிவிட்டேன். வராவிட்டால்? காலை ஒடித்ததும் நான், வரும் என்று ஆசை காட்டியதும் நான். அதற்குமேல் அவர் என் பக்கம் திரும்பவே மாட்டார் என்று உறுதியாக நம்பினேன்.

மாதக் காலண்டரில் அவர் குறிக்க ஆரம்பித்தார். இரையைச் சாப்பிட்ட நாளுக்கு வட்டம், விட்ட இரையைத் தீண்டாவிட்டால் அன்றிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் பெருக்கல் குறி. ஆவணியில் இரை விட்ட நாளெல்லாம் வட்டமாக இருந்தது. ஏழு காலோடு அது சளைக்காமல் வேட்டையாடியது. ஒருபக்கம் லேசாகச் சாய்ந்து நடந்தது, அவ்வளவுதான். புரட்டாசியில் முதல் பெருக்கல் குறி விழுந்தது. அடுத்து இன்னொன்று. உள்ளே விட்ட வெட்டுக்கிளி அதன் முதுகு மேலேயே ஏறி நடந்தது. அது ஒரு காலைத் தூக்கித் தள்ளிவிட்டுப் பட்டைக்குப் பின்னால் போனது. அவர் வெட்டுக்கிளியை வெளியே எடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். பட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவிலிருந்த இடைவெளியை அது வலையால் அடைத்தது. மறுநாள் இன்னும் ஓர் அடுக்கு. வெளியே வெண்திரை போட்டதுபோல் ஆகிவிட்டது. கண்ணாடிப் பக்கமாகக் குனிந்து பார்த்தால் மட்டும் உள்ளே தெரியும். முதுகுக் கோலம் மங்கிப் புகை படிந்தது மாதிரி இருந்தது. வயிறு மட்டும் ஊறப்போட்ட கொண்டைக்கடலை போல உப்பி, தோல் இறுகி மினுமினுத்தது. பத்து நாளாகச் சாப்பிடாத ஒன்றுக்கு வயிறு எப்படிப் பெருக்கும்? "உள்ள புதுசா இன்னொரு தோலு தயாராவுது போல. அதான் எடம் பத்தல" என்றார். எந்தப் புத்தகமும் படிக்காமல், வெறுமனே பார்த்துப் பார்த்து அதை அவர் கண்டுபிடித்தார். ஒருத்தரும் சொல்லித் தராமல் இவ்வளவு சின்ன உயிர் தன் நாளைத் தானே தெரிந்துகொண்டு, வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

மலைப்பு ஒரு பக்கம் இருந்தாலும் பெருக்கல் குறி பதினாறைத் தாண்டியபோது என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் சாப்பிட மாட்டேன் என்று சொன்னால் விடுகிற வழக்கமே கிடையாது. இலைக்குக் குறுக்கே கையை வைத்து மறைத்தாலும் விரல் சந்தில் ஒரு கரண்டி ஊற்றிவிடுவோம். வேண்டாம் என்றால் வேண்டும் என்றுதான் எங்களுக்கு அர்த்தம். அப்படி வளர்ந்தவள், பதினாறு நாள் பட்டினியை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்? தெம்பில்லாமல் செத்துப்போனால் கால் எங்கிருந்து வரும்? ஒருநாள் சாயங்காலம் அவர் குளிக்கப் போன நேரத்தில், நன்றாக வளர்ந்த கரப்பான் ஒன்றைப் பிடித்துப் பாட்டிலுக்குள் விட்டேன். ராத்திரி பசித்தால் பிடித்துக்கொள்ளட்டும் என்று மூடியை, இந்தத் தடவை மிக மெதுவாக, மூடினேன். மீன்காரி சொன்னது அப்போது என் மூளைக்கு எட்டவே இல்லை.

விடிந்தால் பேய்மழை. பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். காப்பி டம்ளரோடு பாட்டிலை எட்டிப் பார்த்தேன். வலையைத் தரைவிரிப்பு மாதிரி விரித்து, அதன் மேல் மல்லாந்து கிடந்தது. ஏழு காலும் மேலே பார்த்து மடங்கியிருந்தன. நான் போட்ட கூச்சலில் காப்பி கொட்டிவிட்டது.

"செத்துப் போச்சுங்க! நம்ம பூச்சி செத்துப் போச்சு!"

"சத்தம் போடாத." அவர் ஓடி வந்து தரையில் மண்டியிட்டார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "சாவல. காலெல்லாம் லேசா துடிக்குது பாரு. ஆரம்பிச்சிருச்சு."

அப்போதுதான் பட்டைக்குக் கீழேயிருந்து இரண்டு மீசைகள் நீண்டன. கரப்பான் மெதுவாக வெளியே வந்து, விரிப்பின் ஓரத்தை முகர்ந்து பார்த்தது. தூங்குகிற பிள்ளையின் கால் நகத்தையே கரண்டுகிற ஜாதி அது. இங்கே அசைய முடியாமல், இன்னும் கொஞ்ச நேரத்தில் மெத்தென்று ஆகப்போகிற ஒன்று மல்லாந்து கிடக்கிறது.

"இத யாரு போட்டா?"

கொட்டிய காப்பியைத் துடைக்கக் குனிந்தேன். அதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் கண்ணை மூடித் திறந்தார். "காலண்டர் தாளு ஒண்ணு கிழிச்சு, வெரலு மொத்தத்துக்குச் சுருட்டிக் குடு" என்றார். சுருட்டிக் கொடுத்தேன். இருட்டான பொந்தைக் கண்டால் கரப்பான் நுழைந்துவிடும். அந்தக் குழலை அதன் பக்கத்தில் இறக்கி, உள்ளே போனதும் வெளியே எடுத்துவிட வேண்டும். ஆனால் பாட்டில் துளிகூட ஆடக் கூடாது. ஒருவர் பிடித்துக்கொண்டே ஆக வேண்டும். நான் இரண்டு கையையும் பாட்டிலில் வைத்தேன். என் வளையல்கள் கண்ணாடியில் கிணுகிணுவென்று அடித்துக்கொண்டன.

"ஒன் கை ஆடுது. விடு."

துண்டை எடுத்துப் பின்னால் போட்டார். இடது கையை நீட்டி, அந்த முனையைப் பாட்டிலோடு சேர்த்துச் சுவரில் அழுத்திக்கொண்டார். பாட்டில் சுவரோடு சுவராக நின்றது. வலது கையால் மூடியைத் திறந்து குழலை இறக்கினார். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் கையைப் பார்க்கிறேன். மணிக்கட்டு இருந்த இடத்தில் தோல் ஒன்றோடொன்று சுருங்கிச் சேர்ந்து, இளஞ்சிவப்பாக, வழவழப்பாக இருந்தது. பயங்கரமாக எதையோ நினைத்து வைத்திருந்தேன். பயங்கரமாக ஒன்றுமே இல்லை. பூச்சியைப் பார்ப்பதா கையைப் பார்ப்பதா என்று தெரியாமல் மாறி மாறிப் பார்த்தேன்.

கரப்பான் குழலைச் சுற்றி வந்தது, முகர்ந்தது, விலகியது. மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் மூச்சுகூட விடவில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது. கடைசியில் கரப்பான் மீசையை மடித்துக்கொண்டு குழலுக்குள் போனது. ஆட்காட்டி விரலால் மேல்வாயை மூடி, கீழ்வாய் கண்ணாடியில் உரசியபடியே அலுங்காமல் தூக்கினார். வெளியே வந்ததும் நான் வாங்கிக் கொல்லைக்கு ஓடி உதறிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அதன் மார்பின் மேல்தோடு சிமிழ் மூடி மாதிரி ஒருபக்கம் விலகியிருந்தது. உள்ளே வெளுப்பாக இன்னொன்று. பிறகு ஒரு உந்தல், ஓய்வு. மறுபடி ஒரு உந்தல். இறுகிய வளையலை வலிக்காமல் கழற்றுவதுபோல் பழைய கால்களுக்குள்ளிருந்து புதுக் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தன. உரோமம்கூட ஒன்று விடாமல் பழைய தோலிலும் இருந்தது, புது உடம்பிலும் இருந்தது. பிரசவம் பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், அந்த நேரத்தில் சாமி பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும் என்று. கோயிலில்கூட எனக்கு அப்படித் தோன்றியதில்லை. மிட்டாய் பாட்டில் முன்னால் அன்றைக்குத் தோன்றியது. கும்பிடலாமா என்றுகூட இருந்தது, அவர் சிரிப்பாரே என்று விட்டேன்.

இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு வந்துவிட்டது. நான் ஒடித்த இடத்தில் ஒரு சின்ன மொட்டை மட்டும் இருந்தது. அது அசையவில்லை. அவர் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

"பொறு" என்றார்.

அது மறுபடி உந்தியது. மொட்டைக்குள்ளிருந்து, மடித்துச் சொருகி வைத்திருந்த நூல்கண்டு அவிழ்வதுபோல் ஏதோ வெளியே வந்தது. கசங்கி, வெள்ளையாக, மற்றவற்றில் பாதி நீளம்கூட இல்லாமல். பிறகு அது தானாக நீண்டது, மடங்கியது, மறுபடி நீண்டது. நுனியில் அந்தப் பட்டுத் துணுக்குகூட இருந்தது.

"வந்துடுச்சிங்க! கால் வந்துடுச்சிங்க!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். உலுக்கிய அதே நொடியில் கண் அவருடைய கையில் போய் விழுந்தது. பாட்டிலை அணைத்தபடி அது இன்னும் அங்கேயே இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். யாரிடம் போய் என்ன சொல்லிக் குதிக்கிறேன் என்று என்மேலேயே எனக்கு வெறுப்பாக வந்தது.

அவர் பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு பேருல ஒருத்தருக்காவது வந்துச்சே" என்றார். குரலில் கசப்பே இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் அழுகை பீறிட்டது. ஆடி மாதத்திலிருந்து, இல்லை, தை மாதத்திலிருந்து அழாமல் வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது.

"நாந்தாங்க ஒடிச்சேன். நாந்தாங்க கரப்பானையும் போட்டேன்."

"தெரியும். அழுவாத டீச்சரு, அது பயந்துரப் போவுது." மூடியைப் போட்டுவிட்டுப் பாட்டிலைச் சுவரோரமாகவே விட்டார். பிறகு இடது கையை என் மடியருகே நீட்டினார். "இதுக்கு வராது. இது இம்புட்டுத்தான். தொட்டுப் பாக்குறியா?"

தொட்டால் வலிக்கும் என்றுதான் அத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்து பயந்து இரண்டு விரலால் தொட்டேன். பிறகு உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டேன்.

"வலிக்குதாங்க?"

"இல்ல புள்ள. கூசுது" என்று சொல்லிச் சிரித்தார். கையை எடுத்துக்கொள்ளவில்லை.